போய்ச் சேரும் நேரம்

கைகள் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கொக்கியில் மாட்டின. பிறகு உடம்பின் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தன. ஜவ்வரிசி மூட்டைகளின்மேல் தார்ப்பாய் ஒரு முறை முனகிவிட்டு இறுகியது. இழுத்த இழுப்பில் இடது முன்கையில் நரம்பு புடைத்தது. நரம்போடு சேர்ந்து அங்கே நீல மையில் எழுதியிருந்த எழுத்துகளும் புடைத்தன. கோ, வென்ட், கான். கைகள் அடுத்த கொக்கிக்குப் போயின. டேக், டுக், டேக்கன். வியர்வையில் மை கரைந்து மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அது முழுக்கக் கரைவதற்குள் மனப்பாடம் ஆகிவிட வேண்டும்.

“என்னா டிரைவரே, கயிறு கட்டுறியா, மந்திரம் ஓதுறியா?” என்றார் மூட்டை ஏற்றிய ஆத்தூர்க்காரர்.

“ரெண்டுந்தானுங்க. ரெண்டுல ஒண்ணாச்சும் நிக்கோணுமில்ல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மில்லில் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த கணக்குப் பெண் பில்லைக் கொண்டுவந்து, கட்டி முடித்து ஏறியிருந்தவனிடம் கேபினுக்குள் நீட்டினாள். நல்ல பெண். பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

“நாக்பூருக்கு எப்பண்ணா போய்ச் சேருவீங்க?”

சிரிப்பு நின்றுவிட்டது. ஆத்தூர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“தாயி, லாரிக்காரங்கிட்ட அப்பிடிக் கேக்கக் கூடாது. எங்க நிக்குதுன்னு கேளு, எந்த ஊரு தாண்டுச்சுன்னு கேளு. எப்பப் போய்ச் சேருவன்னு மட்டும் வாயத் தொறந்துடாத.”

பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. ஓட்டுநர் செங்கோடன் கேபினிலிருந்து இறங்கினான். குழாயடியில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினான். கேட்டுவிட்டால் அப்படிச் செய்ய வேண்டும். புறப்பட்ட பயணத்தைக் கலைத்துவிட்டு வேறொன்றைத் தொடங்கியதாக ஆகும்.

“நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க சாமி. இது எங்க கிறுக்கு” என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

நாமக்கல் பக்கத்து லாரிக்காரர் வீடுகளில் இது பழைய பழக்கம். கர்னூல் தாண்டிவிட்டேன் என்று சொல்லலாம். டோல்கேட்டில் நிற்கிறேன் என்று சொல்லலாம். நடந்து முடிந்ததற்கும் நடந்துகொண்டிருப்பதற்கும் குற்றமில்லை. இன்ன நேரத்துக்கு வந்து சேருவேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் சாலை கேட்டுக்கொண்டிருக்குமாம். இளவட்டங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். வண்டி எங்கே ஊர்கிறது என்று முதலாளி தன் போனிலேயே பார்த்துக்கொள்கிற காலம் இது. செங்கோடன் விடவில்லை. போனில் வழிகாட்டும் படத்தின் கீழ்மூலையில் போய்ச் சேரும் நேரம் ஒளிருமே, அந்த இடத்தின்மேல் ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பில் சின்னதாய் ஒரு துண்டு ஒட்டி வைத்திருந்தான். திரை உடைந்து வேறு போன் வாங்கினாலும் முதலில் ஒட்டுவது அதைத்தான்.

அப்படிப்பட்டவன் நாற்பதைத் தாண்டிய வயதில் இங்கிலீஷ் படிக்கப் போனதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய முதலாளிக்கு இப்போது மிஞ்சியிருப்பது ஒரே லாரி. அதையும் விற்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. செங்கோடனுக்கு ஸ்டீயரிங்கைத் தவிர வேறு தொழில் தெரியாது. கனடாவில் லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று சேலத்து ஏஜென்ட் ஒருவர் சொன்னார். கம்பெனிக்கு அவனைப் பிடித்தும்விட்டது. வெளிநாடு போகிறவர்கள் எழுதுகிற அந்த இங்கிலீஷ் தேர்வில் மட்டும் தேறிவிட வேண்டும். இரண்டு முறை எழுதினான். படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் கரையேறிவிட்டான். எழுதுவதில் இரண்டு முறையும் அரை மதிப்பெண் குறைந்தது. மூன்றாவது முறையும் தவறினால் அவனுடைய இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

நாக்பூரில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்த மறுநாள் செங்கோடன் வகுப்புக்குப் போனான். நாமக்கல்லில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்த வகுப்பு. பாடம் நடக்கும்போதெல்லாம் கீழேயிருந்து வெண்ணெய் பிஸ்கட் வாசனை ஏறி வரும். சொல்லிக்கொடுக்கும் இலக்கியா ஆத்தூர்ப் பெண். அவனைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். அன்றைக்குக் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளி இன்றைக்கு, இடது பக்கம் போனது, வலது பக்கம் வரப்போவது.

செங்கோடனுக்கு அந்தக் கோடு சாலையாகத்தான் தெரிந்தது. இடது பக்கத்துக்கு அவன் ராஜா. நேற்று என்ன செய்தாய், அதற்கு முன் என்ன செய்திருந்தாய், எவ்வளவு காலமாகச் செய்துகொண்டிருந்தாய் என்று எப்படிப் புரட்டிக் கேட்டாலும் பிசகாமல் எழுதுவான். பட்டப் படிப்பு முடித்த பிள்ளைகளே அவன் தாளை எட்டிப் பார்ப்பார்கள். வலது பக்கம் வந்தால் பேனா நின்றுவிடும்.

இலக்கியா பொறுமைக்காரி. அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்து வேறு வேறு விதமாக அதே பாடத்தைப் பல நாள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அன்று அவனுடைய பயிற்சித் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

“அண்ணா, ஈட் எழுதியிருக்கீங்க. ஸ்லீப் எழுதியிருக்கீங்க. மழை பெய்யும்னு எழுதியிருக்கீங்க. எல்லாம் சரி. கோ, கம், ரீச், ரிட்டர்ன், இந்த நாலும் காலியா இருக்கு. போன வாரத் தாள்லயும் இதே நாலுதான் காலி.”

செங்கோடன் மேசையைப் பார்த்தான்.

“டீச்சர், அண்ணனோட வண்டி ரைட்ல திரும்பாதுங்க. இண்டிகேட்டர் போச்சு” என்றான் பின்வரிசையில் இருந்த கோகுல்ராஜ். இஞ்சினியரிங் முடித்துவிட்டு மேல்படிப்புக்காக வெளிநாடு போகத் துடிப்பவன். வகுப்பே சிரித்தது. செங்கோடனும் சிரித்தான்.

“உன்ற வண்டியில இண்டிகேட்டர் மட்டுந்தான் இருக்குது தம்பி. இஞ்சினக் காணோம்.”

இலக்கியா சிரிக்கவில்லை. “ரெண்டு தேர்வுலயும் என்ன லெட்டர் கேள்வி வந்துச்சு, சொல்லுங்க.”

“மொதல்ல, கல்யாணத்துக்குக் கூப்புட்ட சிநேகிதனுக்கு எழுதச் சொன்னாங்க. அப்பறம், லீவுல தங்கப் போற ஊட்டுக்காரருக்கு.”

“மூணு விஷயம் எழுதச் சொல்லியிருப்பாங்களே. மூணாவது என்னா?”

அவன் பேனாவை மூடினான். அவளுக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை. என்றைக்கு வருவாய் என்றுதான் இருந்திருக்கும்.

“அதை மட்டும் விட்டுட்டு வந்திருக்கீங்க. எழுதத் தெரியலயா?”

“தெரியுமுங்க டீச்சர். வாய்க்குள்ள வருதுங்க. கைக்கு வர மாட்டேங்குது. தொழில் பழக்கமுங்க.”

“அண்ணா, லெட்டர்ல இருக்குறது நீங்க இல்ல. சும்மா ஒரு ஆளு. அந்த ஆளு ஊருக்குப் போறான், அவ்வளவுதான்.”

“அந்த ஆளும் டிரைவரா இருந்தா என்னுங்க பண்றது?”

இதற்கு மட்டும் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. இலக்கியா தாளை அவன் முன் வைத்தாள். “எனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டேன். இது எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியல” என்றாள். கோபத்தில் சொன்னதல்ல. அதுதான் அவனுக்கு அதிகமாக உறைத்தது.

தொழில் பழக்கம் என்று அவன் சொன்னதில் பாதிதான் உண்மை.

பதினோரு வருசத்துக்கு முன்னால் செங்கோடனும் அவன் தம்பி மணியனும் ஒரே வண்டியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மாற்றி மாற்றி ஓட்டுவது. அந்தத் தடவை தம்பிக்குக் காய்ச்சல். அதனால் இந்தூரிலிருந்து முழு வழியும் செங்கோடனே ஓட்டி வந்தான். தர்மபுரியில் மத்தியானச் சோறு சாப்பிட்டார்கள். காய்ச்சல் விட்டு மணியனும் தெளிந்திருந்தான். வண்டி தொப்பூர் இறக்கத்தை நெருங்குகிறபோது வீட்டிலிருந்து போன் வந்தது. அம்மா அத்தாயி பேசினாள். லாரிக்காரனைக் கட்டி, இரண்டு லாரிக்காரர்களைப் பெற்றவள். அவளுக்குத் தெரியாத பழக்கமா? ஆனாலும் காய்ச்சல் பிள்ளை என்ற தவிப்பில் கேட்டுவிட்டாள்.

“எப்ப சாமி வருவீங்க?”

மணியன் கிண்டல்காரன். அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னான். “கோழிக்கொளம்பு வெச்சு வைம்மா. பொழுது உழுகறதுக்குள்ள ஊட்டுல இருப்போம்.”

இறக்கத்தில் முன்னால் போன வண்டி நின்றது. செங்கோடனின் வண்டி நிற்கவில்லை. அடி முழுவதும் இடது பக்கம். மணியன் உட்கார்ந்திருந்த பக்கம்.

இழவு வீட்டில் அத்தாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான். “நாந்தான் கேட்டேன். எப்ப வருவீங்கன்னு நாந்தான் கேட்டேன். என்ற வாய்தான் எம்புள்ளயத் தின்னுருச்சு.” சொந்தபந்தமெல்லாம் அதைக் கேட்டுத் தலையசைத்தது. அவளும் கேட்டிருக்கக் கூடாது, அவனும் சொல்லியிருக்கக் கூடாது என்றார்கள். கையில் கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்த செங்கோடனும் தலையசைத்தான்.

அவன் யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. இந்தூரிலிருந்து அவன் சரியாகத் தூங்கவில்லை. சோறு சாப்பிட்ட மயக்கம், மேலே மத்தியான வெயில். தம்பி போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் இமைகள் ஒரு முறை சேர்ந்து பிரிந்தன. பிரிந்தபோது எதிரே அந்த வண்டியின் பின்பலகை இருந்தது.

சொல்தான் மணியனைக் கொன்றது என்றால், அந்த இமை கொல்லவில்லை. அதனால்தான் சொல்லைக் கண்டு பயப்பட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பயணத்திலும், ஒவ்வொரு டேப் துண்டிலும், குடித்த ஒவ்வொரு வாய்த் தண்ணீரிலும் செங்கோடன் அந்தப் பயத்தை உயிரோடு வைத்திருந்தான். அத்தாயி அன்றைக்குப் பிறகு யாரையும் பார்த்து எப்ப வருவ என்று கேட்டதில்லை. பள்ளிக்கூடம் போகிற பேத்தியைக்கூடக் கேட்க மாட்டாள். வாசலில் நின்று பார்ப்பாள், வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு உண்மை தொண்டை வரைக்கும் வரும். வந்து, திரும்பிப் போய்விடும்.

வகுப்பில் நடந்ததை அவன் மனைவி ரஞ்சிதா கோகுல்ராஜின் அம்மா வழியாகக் கேள்விப்பட்டாள். இரண்டு பெண்களும் ஒரே பள்ளிக்கூடத்து விடுதியில் சமையல் வேலை பார்த்தார்கள். அன்று சாயங்காலம் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, நாலு வார்த்தையாமே? நாலு வார்த்தை எழுதாததுக்கா ரெண்டு தடவ போச்சு?”

“சோறு திங்கும்போது பேசாத.”

“எப்பத்தான் பேசறது? வண்டிய வித்துப்போட்டு முதலாளி கைய விரிச்சப்பறமா? செத்துப்போன கொழுந்தனாருக்கு நானும் அழுதவதான். அவிய பேர வெச்சுக்கிட்டு உசுரோட இருக்கற புள்ளைக்கு வழிய அடைக்கறீங்க. நல்லா இருக்குதுங்களா இது?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரிய வெச்சாத்தானுங்க தெரியும்.”

அவன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டான். தட்டில் சோறு அப்படியே இருந்தது. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தாயி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்த சத்தம் பேச்சு தொடங்கியபோதே நின்றுபோயிருந்தது.

தேர்வு கோயம்புத்தூரில். முதல் நாளே போய்த் தங்கிவிடலாம் என்று மத்தியானமே புறப்பட்டான். வெள்ளைச் சட்டை, துணிப்பையில் பாஸ்போர்ட், இரண்டு பென்சில். ரஞ்சிதா வேலைக்குப் போயிருந்தாள். அத்தாயி மட்டும் வாசலில் நின்றாள்.

“போயிட்டு வாரேம்மா.”

“செரி சாமி.”

இவ்வளவோடு முடிகிற வழக்கம். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். அவள் உள்ளே போகவில்லை.

“இங்கிலீசுல பாசாயிட்டா அந்த ஊருக்குப் போயிருவியா சாமி?”

“போகோணுமில்லம்மா.”

“அது ரொம்பத் தொலவாமே. ஏரோப்பிளேன்லயே ஒரு நாள் ஆகுமாமே.”

“ஆமாம்மா.”

அவளுடைய உதடு இரண்டு முறை அசைந்தது. பதினோரு வருசம் கட்டி வைத்தது அவளுக்குத் தெரியாமலே அவிழ்ந்துகொண்டது.

“போனா மறுக்கா எப்ப சாமி வருவ?”

கேட்ட மறுகணமே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் அவனைப் பார்த்தது. பெற்ற பிள்ளையிடம் உயிர்ப்பிச்சை கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. செங்கோடன் திரும்பி வந்து அவள் கைகளை எடுத்துவிட்டிருக்கலாம். நீ கேட்டதால அவன் சாகலம்மா, நான் தூங்கிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். நடந்து முடிந்த காலத்தில் சொல்ல வேண்டியது. அவனுக்கு நன்றாக வருகிற காலம்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி, குடத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் மொண்டு குடித்தான். மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

தேர்வு ஒரு ஓட்டலின் பெரிய கூடத்தில் நடந்தது. தரையில் கால் புதைகிற கம்பளம். வெள்ளைத் துணி போர்த்திய மேசைகள். கல்யாணங்களுக்கு மேடை போடுகிற இடத்தில் ஒரு கடிகாரம். காதில் கேட்டு எழுதுவதும் படித்து எழுதுவதும் தடங்கலில்லாமல் முடிந்தன. மூன்றாவதாக எழுத்துத் தாள் வந்தது. கடிதத்துக்கான கேள்வியைச் செங்கோடன் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். வேறு ஊரில் இருக்கும் சிநேகிதன் உன்னைத் தன் வீட்டுக்கு அழைத்திருக்கிறான். அழைப்புக்கு நன்றி சொல். இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்று எழுது. என்றைக்கு, எந்த நேரத்தில் வந்து சேருவாய் என்று தெரிவி.

எந்த நேரத்தில் என்று இதுவரைக்கும் கேட்டதில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சிநேகிதனுக்கு ஜான் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று இலக்கியா சொல்லியிருந்தாள். டியர் ஜான் என்று தொடங்கி முதல் இரண்டையும் மளமளவென்று எழுதினான். லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினான். பல வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அதையே இன்னும் சரியாக எழுதினான். பிறகு வகுப்பில் பேனா நின்றதைப் போல அந்தப் பென்சிலும் நின்றது.

பக்கத்து மேசைகளில் காகிதம் புரளும் சத்தம். அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஸ்டீயரிங்கில் இருந்த கை. இந்த வரியை எழுதாமல் எழுந்து போனால் எல்லாம் முன்போலவே இருக்கும். சொல் கொல்லும். அம்மா கேட்டதால் மணியன் செத்தான். கனடா இல்லை, லாரி இல்லை, ரஞ்சிதா விடுதி அடுப்படியில் வெந்துகொண்டிருப்பாள். ஆனாலும் அவன் மட்டும் குற்றமில்லாதவன். எழுதிவிட்டு, ஒன்றுமே நடக்காமல் போனால்?

அதுதான் அவனுக்குப் பயம். நடந்துவிடுமோ என்று அவன் பயந்ததே இல்லை என்பது அந்தக் குளிர்ந்த கூடத்தில் அவனுக்குத் தெரிந்தது. நடக்காமல் போய்விடுமோ என்றுதான் இத்தனை வருசமும் பயந்திருக்கிறான்.

இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று மேற்பார்வை செய்த அம்மாள் அறிவித்தார்.

செங்கோடன் குனிந்தான். கயிறு கட்டும்போதைப் போலத் தோள் இறுகியது. ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்வதற்குள் உன் வீட்டில் இருப்பேன் என்று எழுதினான். இங்கிலீஷில் அது ஒரு சின்ன வரி. பிழையில்லை. இடம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்திருந்தது. இல்லாத ஒரு ஜானுக்கு, இருக்கிறதா என்றே தெரியாத ஒரு வீட்டுக்கு, நாளும் நேரமும் சொல்லியாயிற்று. வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளுக்குச் சொல்லவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தது. ஏசி ஓடியது. யாரோ தும்மினார்கள். அவன் காத்திருந்தான். வரிமேல் கண் வைத்துக்கொண்டு, நெஞ்சில் ஏதாவது இடிக்கும் என்று காத்திருந்தான். எதுவும் இடிக்கவில்லை. அது வெறும் பென்சில் எழுத்து. மணியன் சொன்னதும் வெறும் பேச்சு. அம்மா கேட்டதும் வெறும் கேள்வி. மிச்சம் இருந்தது ஒரு வெயிலும் இரண்டு இமைகளும்தான்.

மீதியிருந்த கட்டுரையை எப்படி எழுதினான் என்று அவனுக்கே தெரியவில்லை. கேட்ட அளவுக்கு எழுதி முடித்தான். நேரம் முடிந்தது. பென்சில்களைக் கீழே வைக்கச் சொன்னார்கள். அந்த அம்மாள் வரிசையாகத் தாள்களை வாங்கிக்கொண்டு வந்தார். அவன் மேசைக்கு வந்து கையை நீட்டினார். அவன் தாளின் விளிம்பைப் பிடித்திருந்தான்.

“முடிச்சிட்டீங்களா சார்?”

“முடிச்சிட்டேனுங்க.”

“அப்ப விடுங்க.”

செங்கோடன் விரல்களைப் பார்த்தான். அவை தாளில் ஈரம் பதித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, லோடு இறக்கிய இடத்தில் சீட்டைக் கொடுப்பது போல இரண்டு கைகளாலும் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தான்.